லத்திக்கும் ஓர் அளவு உண்டு

(தொடர்கல்வி வாசிப்பு நூல் வரிசை: சட்டமும் நாமும்)

படிக்கும் முன் பேசுவோம்

உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குள் எப்போதாவது போயிருக்கிறீர்களா? எதற்காகப் போனீர்கள்? உள்ளே நுழையும்போது மனம் எப்படி இருந்தது?

பயமாக இருந்தது என்று பலர் சொல்வார்கள். அந்தப் பயம் ஏன் வந்தது? போலீஸ்காரர் யார்? அவருக்கு என்ன சம்பளம்? அவர் கையில் இருக்கும் லத்தியும் துப்பாக்கியும் எதற்கு? அவற்றை எப்போது பயன்படுத்தலாம், எப்போது கூடாது? இந்தப் பாடத்தில் இவற்றைத் தெரிந்துகொள்வோம்.

1. நம் ஊர்க் காவல் நிலையம்

நாகலாபுரம் வேதநாராயணப் பெருமாள் கோயில் உள்ள ஊர். தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே தெருவில் தெலுங்கும் கேட்கும், தமிழும் கேட்கும்.

கோயிலில் சூரிய பூஜை நடக்கும்போது வெளியூர்க் கூட்டம் வரும். அந்தக் கூட்டத்தை வரிசையில் நிறுத்துபவர் போலீஸ்காரர். சாலையில் லாரி மோதினால் முதலில் வர வேண்டியவர் அவர். வயல் வரப்புத் தகராறு முற்றினாலும், வீட்டில் நகை திருடு போனாலும், கணவன் குடித்துவிட்டு அடித்தாலும் நாம் தேடிப் போவது அவரைத்தான்.

காவல் நிலையத்தில் பல நிலைகளில் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அடிப்படையில் இருப்பவர் காவலர். அவரைக் கான்ஸ்டபிள் என்கிறோம். அவருக்கு மேலே தலைமைக் காவலர், அதாவது ஏட்டு. அதற்கும் மேலே உதவி சப்-இன்ஸ்பெக்டர், சப்-இன்ஸ்பெக்டர், சர்க்கிள் இன்ஸ்பெக்டர். மாவட்டம் முழுவதற்கும் தலைவர் எஸ்.பி. இவர்களோடு ஊர்க்காவல் படையினரும் இருப்பார்கள். அவர்களை ஹோம் கார்டு என்று சொல்கிறோம். அவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. நாள் கணக்கில் படி உண்டு.

இந்தப் போலீஸ் அமைப்பு எப்போது வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. நம் பகுதி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. 1859-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்துக்கு ஒரு போலீஸ் சட்டம் போட்டார்கள். 1861-ல் இந்தியாவுக்கே ஒரு போலீஸ் சட்டம் வந்தது. மக்களை அடக்கி வைப்பதே அன்றைய ஆட்சியின் முதல் நோக்கம். 1947-ல் நாடு விடுதலை பெற்றது. 1950-ல் அரசியல் சட்டம் வந்தது. அதன் பிறகு போலீஸ் மக்களின் ஊழியர் ஆனது. ஆனாலும் பழைய பழக்கம் சட்டத்தைப் போலச் சீக்கிரம் மாறுவதில்லை.

2. திண்ணைப் பேச்சு

விடுப்பில் ஊருக்கு வந்த ஒரு காவலரும் அவருடைய அத்தையும் பேசிக்கொள்கிறார்கள்.

"ஏன்டா கண்ணு, இப்படி இளைச்சுப் போயிட்டே? கவர்மென்ட் உத்தியோகம், ராஜாவாட்டம் இருப்பேன்னு பார்த்தா?"

"தூக்கமே இல்ல அத்தே. பகல்ல டூட்டி. ராத்திரி ரோந்து. நடுவுல மந்திரி வந்தா பந்தோபஸ்து. போன திருவிழாவுக்கு ரெண்டு நாள் நின்ன எடத்துலயே நின்னேன்."

"சாப்பாடு?"

"யாராவது பொட்டலம் குடுத்தா உண்டு. இல்லேன்னா டீதான்."

"அதான் கோவம் மூக்கு மேல நிக்குது. கூட்டத்துல ஒரு பையனைக் கன்னத்துல அறைஞ்சியாமே? ஊரே பேசுது."

"வரிசையை விட்டு வெளியே வந்தான் அத்தே. ரெண்டு தரம் சொன்னேன். கேக்கல. களைப்புல கை நீண்டுடுச்சு."

"உன் களைப்புக்கு அவன் கன்னம் என்னடா பண்ணும்? அவன் உன்னை அடிச்சானா?"

"இல்ல."

"கத்தி கித்தி வச்சிருந்தானா?"

"இல்ல அத்தே."

"அப்ப எதுக்கு அடிச்சே? உனக்கு லீவு குடுக்காதவங்களைக் கேக்கணும். அதை விட்டுட்டு எளியவன் மேல காட்டுனா ஆச்சா?"

காவலர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த உரையாடலில் இரண்டு உண்மைகள் இருக்கின்றன. காவலரின் கஷ்டம் உண்மை. அவர் செய்தது தவறு என்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்கக் கூடாது. இரண்டையும் பார்ப்போம்.

3. காவலரின் சம்பளம்

ஆந்திரப் பிரதேசத்தில் 2022-ல் காவலர் வேலைக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வந்தது. அதில் காவலரின் சம்பள விகிதம் 25,220 ரூபாய் முதல் 80,910 ரூபாய் வரை என்று இருந்தது. சேரும்போது அடிப்படைச் சம்பளம் 25,220. வருடா வருடம் கொஞ்சம் உயரும். இதோடு பஞ்சப்படி, வீட்டு வாடகைப்படி போன்றவை சேரும். அதே காலத்தில் தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலரின் விகிதம் 18,200 முதல் 67,100 வரை. ஆந்திரத்தில் நேரடியாகச் சேரும் சப்-இன்ஸ்பெக்டருக்கு 44,570 ரூபாயில் தொடங்கும்.

கூலி வேலை செய்யும் நமக்கு இது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் வேலை நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2019-ல் நாட்டின் பல மாநிலங்களில் போலீஸ்காரர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகத் தெரிய வந்தது. இரண்டு பேரில் ஒருவருக்கு வார விடுமுறை கிடைப்பதில்லை.

கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 14 மணி. மாதம் 30 நாள். மொத்தம் 420 மணி நேரம். 25,220-ஐ 420-ஆல் வகுத்தால் என்ன வரும்? சுமார் 60 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்தால் ஒரு மணிக்கு 60 ரூபாய்தான்.

வேலை நேரம் ஏன் இவ்வளவு நீளம்? ஆள் பற்றாக்குறை ஒரு காரணம். 2020 தொடக்கத்தில் நாடு முழுவதும் 1 லட்சம் மக்களுக்குச் சுமார் 195 போலீஸ் இடங்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. வேலையில் இருந்தவர்கள் சுமார் 156 பேர். ஐந்து இடங்களில் ஓர் இடம் காலி. காலியாக உள்ளவரின் வேலையையும் இருப்பவர்களே செய்ய வேண்டும்.

சம்பளம் போதவில்லை என்றால் மற்ற ஊழியர்கள் சங்கம் வைத்துப் போராடலாம். போலீஸ்காரர்கள் அப்படிச் செய்ய முடியாது. 1966-ல் வந்த ஒரு சட்டம் அந்த உரிமையைக் கட்டுப்படுத்துகிறது. அனுமதி இல்லாமல் தொழிற்சங்கத்தில் சேரக் கூடாது. ஆனாலும் 1979-ல் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் போலீஸ்காரர்கள் பொறுக்க முடியாமல் போராட்டத்தில் இறங்கினார்கள்.

அதற்கு முன்பே, 1977-ல், மத்திய அரசு தேசியப் போலீஸ் ஆணையத்தை அமைத்திருந்தது. அந்த ஆணையம் தன் முதல் அறிக்கையில் கீழ்நிலைக் காவலரின் குறைகளைத்தான் எடுத்துக்கொண்டது. காவலர் வெறும் உடல் பலத்தால் வேலை செய்பவர் அல்லர், அது அறிவும் பயிற்சியும் வேண்டிய வேலை, அதற்கு ஏற்ற சம்பளம் தர வேண்டும் என்று அது கூறியது. வார விடுமுறை தருவதாக ஆந்திர அரசு 2019-ல் அறிவித்தது. தமிழ்நாடு 2021-ல் அறிவித்தது.

களைத்த மாட்டை ஏரில் பூட்டினால் சால் கோணிப் போகும். களைத்த மனிதரின் கையில் துப்பாக்கி கொடுப்பது அதைவிட ஆபத்து. காவலருக்கு நல்ல சம்பளம், ஓய்வு, வீடு வேண்டும் என்று கேட்பது அவருக்காக மட்டும் கேட்பது அல்ல. நமக்காகவும் கேட்பதுதான்.

4. காவலரின் கருவிகள்

காவலரிடம் என்னென்ன கருவிகள் இருக்கின்றன?

விசில், லத்தி, கேடயம், தலைக்கவசம். இவை சாதாரணக் கருவிகள். கூட்டத்தைக் கலைக்கத் தண்ணீர் பீய்ச்சும் வண்டியும் கண்ணீர்ப் புகைக் குண்டும் உண்டு. கண்ணீர்ப் புகை கண்ணை எரிக்கும். மூச்சுத் திணறும். கடைசியாகத் துப்பாக்கி.

கருவி குறைந்தாலும் ஆபத்து. 2008 நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்டார்கள். அவர்கள் கையில் ஒரே நேரத்தில் பல குண்டுகள் சுடும் துப்பாக்கி. எதிரே நின்ற போலீஸ்காரர்கள் பலரிடம் லத்தியும் பழைய 303 துப்பாக்கியும்தான். துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி சப்-இன்ஸ்பெக்டர் லத்தியோடு நின்றார். பயங்கரவாதி ஒருவனின் துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றிக்கொண்டார். குண்டுகளைத் தன் உடலில் வாங்கினார். அவன் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளே இறந்துபோனார். அவருக்கு 2009-ல் அசோகச் சக்கர விருது வழங்கப்பட்டது. அவருடைய வீரத்தை வணங்குகிறோம். ஆனால் குண்டு துளைக்காத அங்கி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

கருவி ஒரே மாதிரி இருந்தாலும் ஆபத்து. ஒருவரிடம் துப்பாக்கி மட்டும் இருந்தால், சின்ன ஆபத்துக்கும் அவர் துப்பாக்கியைத்தான் எடுப்பார். கேடயமும் தலைக்கவசமும் இருந்தால், கல் வந்தாலும் அவர் நின்று பொறுக்க முடியும். 1990-ல் கியூபா நாட்டின் ஹவானா நகரில் ஐக்கிய நாடுகள் சபையின் மாநாடு ஒன்று நடந்தது. போலீஸ் பலப் பிரயோகத்துக்கு அங்கே விதிகள் வகுத்தார்கள். போலீசுக்குப் பலவகைக் கருவிகள் தர வேண்டும், தற்காப்புக் கருவிகளும் தர வேண்டும், அப்போதுதான் உயிரைப் பறிக்கும் ஆயுதத்தின் தேவை குறையும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. இங்கிலாந்தில் பெரும்பாலான போலீஸ்காரர்கள் இன்றும் துப்பாக்கி இல்லாமலே தெருவில் வேலை செய்கிறார்கள்.

இன்னொரு கருவியும் உண்டு. அது கேமரா. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. வாசலிலும் லாக்கப்பிலும் வைக்க வேண்டும். பேச்சும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் பாதுகாக்க வேண்டும். யாராவது அடித்தார்கள் என்றால் கேமரா சொல்லும். போலீஸ்காரர் மேல் பொய்ப்புகார் வந்தாலும் அதே கேமரா சொல்லும்.

5. எவ்வளவு பலம்? எப்போது?

போலீஸ் பலத்தைப் பயன்படுத்தச் சட்டம் அனுமதி தருகிறது. ஆனால் அதற்கு எல்லை போட்டிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் இது வந்தது. எல்லைகள் பெரும்பாலும் பழையவைதான்.

ஒருவரைக் கைது செய்யும்போது: அவர் தானாக வந்தால் பலமே தேவையில்லை. முரண்டு பிடித்தால், ஓடப் பார்த்தால், பிடிப்பதற்குத் தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தலாம். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சுமத்தப்படாதவரைக் கைது செய்யும் முயற்சியில் கொல்ல உரிமை இல்லை. பிடித்த பிறகு அடிக்கவும் உரிமை இல்லை.

கூட்டத்தைக் கலைக்கும்போது: முதலில் கலைந்து போகச் சொல்ல வேண்டும். நிர்வாக நடுவரோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ அந்த ஆணையைத் தரலாம். கேட்காவிட்டால்தான் பலம். அதுவும் படிப்படியாக. சொல், எச்சரிக்கை, தண்ணீர் அல்லது புகை, லத்தி. துப்பாக்கி என்பது உயிருக்கு ஆபத்து வரும்போது கடைசிப் படி.

தற்காப்பு: தன் உயிரைக் காக்கப் பலத்தைப் பயன்படுத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. போலீஸ்காரருக்கும் உண்டு. ஆனால் காக்கத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு செய்யக் கூடாது.

படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்? தூத்துக்குடியில் 2018 மே 22-ல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக மக்கள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 2022-ல் தமிழ்நாடு சட்டசபையில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்கள் மீதும் சுட்டார்கள் என்று அறிக்கை கூறியது. போலீஸ் அதிகாரிகள் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரை செய்தது.

6. சேஷாசலக் காட்டில்

நமக்கு மிகவும் பக்கத்தில் நடந்தது இது. நம்மைப் போன்ற கூலிக்காரர்களுக்கு நடந்தது.

திருமலையைச் சுற்றி உள்ளது சேஷாசலக் காடு. அங்கே செம்மரம் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இயற்கையாக அதிகம் வளராத மரம் இது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரியது. வெளிநாட்டில் நல்ல விலை. அதனால் கடத்தல்காரர்கள் அதைத் திருடுகிறார்கள். மரத்தை வெட்டவும் சுமக்கவும் ஆள் வேண்டும். தரகர்கள் தமிழ்நாட்டின் மலைக்கிராமங்களுக்குப் போகிறார்கள். முன்பணம் கொடுக்கிறார்கள். கடனில் இருப்பவர் கை நீட்டி வாங்குகிறார். காட்டுக்குள் அனுப்பப்படுகிறார்.

காவல் காப்பவருக்கும் அங்கே ஆபத்து இருந்தது. 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர்கள் இரண்டு பேர் அந்தக் காட்டில் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கும் மனைவி மக்கள் இருந்தார்கள். அதன் பிறகு செம்மரக் கடத்தலைத் தடுக்கத் தனி அதிரடிப்படை அமைக்கப்பட்டது.

2015 ஏப்ரல் 7. விடியற்காலை. சேஷாசலக் காட்டில் இரண்டு இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

போலீஸ் சொன்னது இது: நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காட்டில் இருந்தார்கள். சரணடையச் சொன்னோம். கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள். உயிரைக் காக்கச் சுட்டோம்.

இறந்தவர்களின் குடும்பத்தாரும் மனித உரிமை அமைப்புகளும் சொன்னது வேறு: சிலர் முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு செல்லப்பட்டார்கள். பிடித்து வைத்து, பிறகு சுட்டார்கள். அப்போது தப்பிய சிலர் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் போய்ச் சாட்சி சொன்னார்கள்.

ஆணையம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இடைக்கால உதவியாக 5 லட்சம் ரூபாய் தரப் பரிந்துரை செய்தது. ஆந்திர அரசு அதை உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. சம்பவத்தை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு ஒன்றையும் அமைத்தது. தமிழ்நாடு அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் கொடுத்தது.

இப்போது நாம் படித்த சட்டத்தை இங்கே வைத்துப் பார்ப்போம்.

செம்மரம் வெட்டுவது குற்றம். அதற்குச் சிறைத் தண்டனை உண்டு. மரண தண்டனை இல்லை. ஆகவே பிடிக்கப் போன இடத்தில் ஓடுகிறவரைக் கொல்லச் சட்டம் இடம் தரவில்லை. கோடாலியோடு பாய்ந்து வந்தார்கள், உயிர் போகும் நிலை இருந்தது என்றால் தற்காப்பு உரிமை வரும். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்விகள் எவை? உண்மையிலேயே பாய்ந்து வந்தார்களா? எத்தனை பேர்? போலீசாரில் எத்தனை பேருக்கு என்ன காயம்? காலுக்குக் கீழே சுட முடிந்ததா? எவ்வளவு தூரத்திலிருந்து குண்டு பாய்ந்தது? உடலில் கட்டிய தழும்பு இருந்ததா?

இந்தக் கேள்விகளுக்குச் சுட்டவரே பதில் சொன்னால் போதாது. வேறொருவர் விசாரித்துச் சொல்ல வேண்டும். இதற்காகவே உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23-ல் 16 விதிகளை வகுத்தது. சேஷாசலச் சம்பவத்துக்கு ஏழு மாதம்கூட முன்பு இல்லை. சில முக்கிய விதிகள்:

போலீஸ் சுட்டு ஒருவர் இறந்தால் எப்.ஐ.ஆர். பதிய வேண்டும்.
சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையத்தின் குழு விசாரிக்க வேண்டும்.
நடுவர் விசாரணை கட்டாயம்.
மனித உரிமை ஆணையத்துக்கு உடனே தகவல் தர வேண்டும்.
காயம் பட்டவருக்கு உடனே மருத்துவ உதவி தர வேண்டும்.
சம்பவம் முடிந்தவுடன் சுட்டவர்களுக்குப் பதவி உயர்வோ வீர விருதோ தரக் கூடாது.

கூலிக்குப் போனவர் காட்டில் விழுந்து கிடந்தார். அவரை அனுப்பியவர் அங்கே இல்லை. இதை நாம் மறக்கக் கூடாது. அதிகக் கூலி, இரவுப் பயணம், எங்கே வேலை என்று சொல்லாத தரகர். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் போகாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் போக விடாதீர்கள்.

7. போலீஸ் பிடித்தால் நம் உரிமைகள்

உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் கைதுக்கு விதிகள் வகுத்தது. இப்போது அவற்றில் பல சட்டத்திலேயே இருக்கின்றன. இவற்றை மனதில் வையுங்கள்.

1. பிடிக்க வரும் போலீஸ்காரர் தன் பெயர் தெரியும்படி வில்லை அணிந்திருக்க வேண்டும்.

2. ஏன் பிடிக்கிறார் என்று சொல்ல வேண்டும்.

3. கைதுக் குறிப்பு எழுத வேண்டும். தேதியும் நேரமும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ ஊரில் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பிடிபட்டவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

4. நாம் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும்.

5. 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.

6. மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். உடலில் காயம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நடுவரிடமும் சொல்லுங்கள்.

7. வழக்கறிஞரைப் பார்க்கலாம். பணம் இல்லாதவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் பேசலாம்.

8. சூரியன் மறைந்த பின்பும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் பெண் போலீஸ் அதிகாரி நடுவரின் முன் அனுமதி பெற வேண்டும்.

9. சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளையும், 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்து விசாரிக்க வேண்டும்.

10. போலீஸ்காரரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை வைத்து நீதிமன்றம் தண்டிக்க முடியாது. ஆகவே அடித்து ஒப்புக்கொள்ள வைப்பதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

எழுதப் படிக்கத் தெரிந்துகொண்ட நமக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. நம் பகுதியில் நிலையத்துக் காகிதம் தெலுங்கில் இருக்கலாம். தமிழ் மட்டும் படித்தவர் என்ன செய்வது? தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். புகார் கொடுத்தால் அதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கைநாட்டும் வைக்காதீர்கள்.

நம் கடமையும் உண்டு. கைது செய்ய வந்தால் ஓடக் கூடாது. கல் எறியக் கூடாது. அநியாயம் என்றாலும் அந்த இடத்தில் கை ஓங்காமல், நடுவர் முன்பு சொல்ல வேண்டும்.

8. புகார் கொடுப்பது எப்படி?

நாகலாபுரத்துக்காரர் ஊத்துக்கோட்டைப் பேருந்தில் பணத்தைப் பறிகொடுத்தார். எந்த மாநில நிலையத்துக்குப் போவது? எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. புகாரைப் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். கேட்டு வாங்குங்கள்.

நிலையத்தில் வாங்க மறுத்தால் புகாரை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் நடுவரிடம் மனுப் போடலாம். போலீஸ்காரரே அடித்தார் என்றால் எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். அவசரத்துக்கு 112.

சில நேரம் நியாயம் நிலையத்தின் உள்ளே இருந்தும் வரும். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். கொரோனா ஊரடங்கின்போது கடையை மூடவில்லை என்பது அவர்கள் மீதான புகார். அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவு முழுவதும் அடித்ததை நீதித்துறை நடுவரிடம் சாட்சியாகச் சொன்னார். அவருக்கும் வேலை இருந்தது, குடும்பம் இருந்தது, பயமும் இருந்தது. ஆனாலும் சொன்னார்.

மாதிரி மனு

அனுப்புநர்
(உங்கள் பெயர், முகவரி)

பெறுநர்
மாவட்டப் போலீஸ் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருப்பதி மாவட்டம்.

ஐயா,
என் மகனை (தேதி) காலை (மணி) அளவில் (இடம்) என்ற இடத்தில் போலீசார் அழைத்துச் சென்றனர். காரணம் சொல்லவில்லை. 24 மணி நேரம் கடந்தும் அவனை நடுவர் முன் நிறுத்தவில்லை. அவன் இருக்கும் இடத்தை எங்களுக்குத் தெரிவிக்கவும், மருத்துவப் பரிசோதனை செய்யவும், உடனே நடுவர் முன் நிறுத்தவும் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
(கையெழுத்து)

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பேசிப் பார்ப்போம்

1. திண்ணைப் பேச்சில் அத்தை சொன்னது சரியா? நீங்கள் அங்கே இருந்தால் காவலருக்கு என்ன சொல்லியிருப்பீர்கள்?
2. காவலருக்குச் சம்பளமும் ஓய்வும் கூடினால் அடிப்பது குறையுமா? அது மட்டும் போதுமா?
3. சேஷாசலச் சம்பவத்தில் இரண்டு தரப்பு பேச்சையும் படித்தோம். உண்மையைக் கண்டுபிடிக்க வேறு எந்தக் கேள்விகளைக் கேட்பீர்கள்?
4. உங்கள் ஊரில் தரகர் வந்து ஆள் கேட்டால் ஊரார் சேர்ந்து என்ன செய்யலாம்?

கணக்குப் போடுவோம்

1. ஒரு நாளைக்கு 8 மணி, வாரம் 6 நாள் வேலை. மொத்தம் எத்தனை மணி?
2. ஒரு நாளைக்கு 14 மணி, வாரம் 7 நாள் வேலை. மொத்தம் எத்தனை மணி?
3. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு?

எழுதிப் பழகுவோம்

மாதிரி மனுவைப் பார்த்து, உங்கள் பெயரும் முகவரியும் போட்டு ஒரு முறை எழுதுங்கள். 112, 15100 இந்த இரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.

புதிய சொற்கள்

நீதித்துறை நடுவர்: மாஜிஸ்டிரேட்.
பந்தோபஸ்து: கூட்டத்திலும் விழாவிலும் தரும் போலீஸ் பாதுகாப்பு.
பலப் பிரயோகம்: உடல் வலிமையையோ ஆயுதத்தையோ பயன்படுத்துதல்.
தற்காப்பு: தன்னைத் தானே காத்துக்கொள்ளுதல்.
எப்.ஐ.ஆர்.: முதல் தகவல் அறிக்கை. குற்றம் பற்றிப் போலீஸ் எழுதும் முதல் பதிவு.
இடைக்கால உதவி: வழக்கு முடியும் முன்பே தரும் பணம்.